மூன்றாம் மாடியும் முதிய நாயும்

நம்மவர் நாய் வளர்ப்பது புதிதன்று. நெல்லைச் சீமையிலும் கரிசல் காட்டிலும் களத்தைக் காக்க ஒரு நாய், ஆட்டுக் கிடையைக் காக்க ஒரு நாய் என்று வைத்திருந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களே நம்மில் பலர். ஆனால் ஊரில் வளர்த்த முறை வேறு. இம்மாநகரில் வளர்க்கவேண்டிய முறை வேறு. ஊரில் நாய் திண்ணையோரம் கிடந்தது. தெருவெல்லாம் சுற்றி வந்தது. மிஞ்சிய சோற்றைத் தின்றது. மூப்பு வந்தபோது வேப்பமரத்து நிழலில் ஒரு மூலையைத் தேடிக்கொண்டது. அதை எவரும் மாடிப்படியில் தூக்கிச் செல்ல நேர்ந்ததில்லை.

இன்று தாராவியின் சால் வீடுகளை விட்டுச் செம்பூரிலும் சயானிலும் மாட்டுங்காவிலும் மாடி வீடுகளில் குடியேறியுள்ள நம் குடும்பங்கள் சில, லாப்ரடார், அல்சேஷியன், ராட்வைலர் போன்ற பெரிய சாதி நாய்களை விரும்பி வாங்குகின்றன. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் மறுக்க மனம் வராமல் இணங்குகிறார்கள். வீட்டுக்கு வரும் நாளில் லாப்ரடார்க் குட்டியின் எடை ஏறக்குறைய 5 கிலோ. பள்ளிச் சிறுமியும் அதை மடியில் வைத்துக் கொஞ்சலாம். ஓராண்டு கழிந்தால் அது 30 கிலோ. பத்தாண்டு கழிந்தால், அதே 30 கிலோ எடையோடு, பின்னங்கால் தளர்ந்து, படி இறங்க இயலாமல் வாயிற்படியில் நிற்கும். கட்டடத்தில் லிப்ட் இல்லை. நாமோ மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அன்று அதை யார் தூக்குவது?

இக்கேள்விக்கு விடை பத்தாம் ஆண்டில் கிடைப்பதில்லை. முதலாண்டிலேயே நாம் தரும் பயிற்சியில்தான் அவ்விடை இருக்கிறது. பயிற்சி என்றாலே கை கொடுப்பதும் பந்து எடுத்து வருவதும் என்று பலர் எண்ணுகின்றனர். அவை விளையாட்டு. பெரிய நாய்க்கு இளமையில் தரவேண்டிய உண்மையான பயிற்சி, பிற்காலத்தில் அதற்கு நாம் பணிவிடை செய்யும்போது அது நமக்கு இடங்கொடுக்கும் பயிற்சியே ஆகும். இத்திங்கள் அதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

பெரிய உடல், குறுகிய வாழ்நாள்

விலங்குலகில் யானை நெடுநாள் வாழ்கிறது; எலி விரைவில் மடிகிறது. உடல் பெரிதானால் ஆயுளும் பெரிது என்பது பொது நியதி. நாயினத்துக்குள் மட்டும் இந்நியதி தலைகீழாக அமைந்துள்ளது. சிறிய நாய்கள் 14, 15 ஆண்டுகள் வாழ்வதுண்டு. லாப்ரடாருக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 ஆண்டுகள். கிரேட் டேன் போன்ற பேருருவ நாய்கள் 7, 8 ஆண்டுகளிலேயே முடிவெய்துகின்றன. 74 நாயினங்களின் வாழ்நாட் கணக்கை ஆராய்ந்து 2013இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவு இது: உடல் எடை 2 கிலோ கூடுந்தோறும் ஆயுள் ஏறத்தாழ ஒரு மாதம் குறைகிறது. பெரிய நாய்கள் முதுமையை மெதுவாக அடைவதில்லை. முதுமை அவற்றை விரைந்து வந்து பற்றிக்கொள்கிறது என்பது அவர்கள் கண்ட காரணம்.

ஆகவே பெரிய நாய் வளர்ப்போர் 6, 7 வயதிலேயே அதை முதியதாகக் கருதத் தொடங்கவேண்டும். பிள்ளை ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது வாங்கிய குட்டி, அப்பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது கிழப்பருவம் எய்திவிடும். கேட்டு வாங்கிய பிள்ளை வெளியூரில் இருக்கும். பணிவிடை செய்பவர்கள் தாயும் பாட்டியுமாக இருப்பார்கள். இதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் நன்று.

நம் நகரம் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 1993ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் பம்பாய் முழுதும் குண்டுகள் வெடித்தன. அதன்பின் வெடிக்காமல் மறைந்துகிடந்த வெடிமருந்தைத் தேடிக் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு சஞ்சீர் என்னும் லாப்ரடார் நாய்க்கு உண்டு. புனேயில் பயிற்சி பெற்ற அந்நாய், 3,000 கிலோவுக்கு மேற்பட்ட ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தை மோப்பத்தால் காட்டிக்கொடுத்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த சஞ்சீர் எலும்புப் புற்றுநோயால் 2000ஆம் ஆண்டு நவம்பரில் இறந்தது. அப்போது அதற்கு வயது எட்டே. காவல்துறை அதிகாரிகள் மலர்வளையம் வைத்து வணங்கி விடைகொடுத்தனர். எலும்புப் புற்று பெரிய நாய்களையே மிகுதியாகத் தாக்கும் நோயாகும்.

2008 நவம்பர் 26ஆம் நாள் தாக்குதலின்போது பணியாற்றிய மேக்ஸ், டைகர், சுல்தான், சீசர் என்னும் நான்கு லாப்ரடார்களையும் இந்நகரம் மறக்கவில்லை. நம் பெரிய ரயில் நிலையத்தில் கிடந்த கையெறி குண்டுகளைக் கண்டறிந்தது சீசர். பணி ஓய்வுக்குப் பின் இந்நான்கும் விராரில் ஒரு பண்ணையில் ஒன்றாக வாழ்ந்தன. 2016ஆம் ஆண்டு ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையே ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. பணியாற்றிய நாய்க்கும் இறுதிக்காலத்தில் ஓடியாட மண்தரையும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டியிருந்தன என்பதை நாம் கருதவேண்டும். அப்பண்ணையின் வசதி நமக்கு இல்லை. நமக்கு உள்ளது இரண்டு அறையும் ஒரு பால்கனியுமே. இடம் குறைந்த அளவுக்கு முன்யோசனை மிகவேண்டும்.

முதலாண்டில் கற்பிக்க வேண்டியவை

முதற்கண் மொழி. நம் வீடுகளில் பாட்டி "உட்கார்" என்பார். தந்தை இந்தியில் "பைட்" என்பார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் "சிட்" என்பார்கள். மூன்றையும் கேட்ட நாய் நின்றுகொண்டே வாலை ஆட்டும். பிடிவாதம் என்று அதை அடிப்பார்கள். நாய்க்கு மொழிப்பற்று இல்லை. ஒரே சொல் ஒரே பொருளில் வரவேண்டும் என்பதே அதன் தேவை. எந்த மொழியாயினும் குடும்பத்தார் அனைவரும் கூடி ஒரு சொல்லை முடிவு செய்து, அதையே வழங்குக. நம் வீட்டில் அது தமிழாக இருப்பதில் பெரியவர்களுக்கும் எளிமை உண்டு.

அச்சொல்லோடு கைச்சைகை ஒன்றையும் சேர்த்தே பழக்குக. "உட்கார்" என்னும்போது உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்துவதும், "வா" என்னும்போது கையை மார்புக்கு நேரே கொண்டுவருவதும் போதும். முதிய நாய்கள் பலவற்றுக்குச் செவிப்புலன் மங்கும். அன்று நாம் கத்தி அழைத்துப் பயன் இல்லை, கையசைவு பயன்படும். நம் இராசபாளையம் நாய்களில் பிறவியிலேயே செவிகேளாதவை உண்டு. அவற்றுக்குச் சைகையே மொழியாகும்.

இரண்டாவது, தொடப் பழக்குதல். நாள்தோறும் ஐந்து நிமிடம் குட்டியின் பாதங்களைப் பிடித்து விரல்களைப் பிரித்துப் பாருங்கள். காதைத் திருப்பிப் பாருங்கள். உதட்டை உயர்த்திப் பல்லைத் தேயுங்கள். ஒருபக்கமாகப் படுக்கவைத்து வயிற்றைத் தடவுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேகவைத்த கோழித் துண்டோ காரட் துண்டோ கொடுத்து மெச்சுங்கள். நாள் செல்லச் செல்ல, பிறர் தொட்டால் உணவு வரும் என்று அதன் மனத்தில் பதியும். பத்து வயதில் நகம் வெட்டவும், புண்ணுக்கு மருந்திடவும், ஊசி போடவும் வரும்போது அது உறுமாது. வலியில் உறுமும் 30 கிலோ நாயை இரண்டு ஆண்களும் பிடிக்க இயலாது. பழகிய நாயை ஒரு பாட்டி பிடித்துக்கொள்வார்.

மூன்றாவது, வாய்மூடி. இச்சொல்லைக் கேட்டதும் பலர் முகம் சுளிக்கின்றனர். கடிநாய்க்கு இடும் தண்டனை என்று கருதுகின்றனர். எலும்பு முறிந்த நாய் தன் எசமானையே கடித்துவிடக்கூடும். அவ்வேளையில் முதன்முறையாக வாய்மூடியை மாட்டினால் அதன் அச்சம் இரட்டிப்பாகும். கூடைபோன்ற வாய்மூடிக்குள் தின்பண்டம் வைத்து, அதுவே முகத்தை நுழைக்கும்படி இளமையில் பழக்கினால், பிற்காலத்தில் அதை ஓர் ஆடை போல ஏற்றுக்கொள்ளும்.

நான்காவது, இழுக்காமல் நடத்தல். சிறுநாய் கயிற்றை இழுத்தால் அது வேடிக்கை. பெரிய நாய் இழுத்தால் முதியவர் தரையில் விழுவார். நாய் இழுக்கும்போது நாம் நின்றுவிடவேண்டும். கயிறு தளர்ந்ததும் நடக்கவேண்டும். இழுத்தால் பயணம் இல்லை என்பதை அது விரைவில் கற்கும். அடிப்பதாலும் கழுத்தைச் சுண்டி இழுப்பதாலும் கற்பது அச்சம் ஒன்றே.

ஐந்தாவது, துணித்தொட்டில். நீண்ட துண்டு ஒன்றை நாயின் அடிவயிற்றின் கீழ், பின்னங்கால்களுக்கு முன்னே கொடுத்து, இருமுனைகளையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடித்தபடி நடக்கப் பழக்குக. கெட்டியான போர்வையின் மேல் அசையாமல் படுத்திருக்கவும், இருவர் அப்போர்வையைத் தூக்கும்போது கலங்காதிருக்கவும் பழக்குக. இளமையில் இது அதற்கு ஊஞ்சல் விளையாட்டு. முதுமையில் இதுவே மூன்றாம் மாடிக்கும் தெருவுக்கும் இடையே பாலம்.

ஆறாவது, கழிவிடம். நாய் எப்போதும் தெருவில்தான் கழிக்கும் என்று பழகிவிட்டால், கால் தளர்ந்த காலத்தில் அது அடக்கிக்கொண்டு துன்புறும். பால்கனியின் ஒரு மூலையில் தட்டும் விரிப்பும் வைத்து, அங்கும் ஒரு சொல்லுக்குக் கழிக்கப் பழக்கிவைத்தால், இருவருக்கும் பிற்காலத்தில் ஆறுதல்.

இவற்றோடு, குட்டிப் பருவத்தில், ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரையில், உலகத்து ஓசைகளை அச்சமின்றிக் கேட்கச் செய்தல் வேண்டும். மும்பையில் மின்சார ரயிலின் இரைச்சலும், கணபதி ஊர்வலத்து மேளமும், தீபாவளி வெடியும் தவிர்க்க இயலாதவை. மெதுவாக, தொலைவிலிருந்து, உணவோடு பழக்கினால் அச்சம் வேரூன்றாது.

ஊட்டுவதில் கட்டுப்பாடு

அன்பை உணவால் அளப்பது நம் மரபு. விருந்தினரை "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவது போலவே நாயையும் வற்புறுத்துகிறோம். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவமுதல் இறுதிவரை கவனித்து நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2002இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான உணவு. மறு பாதிக்கு அதில் கால்பங்கு குறைத்த உணவு. குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டாண்டுகள் மிகுதியாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுவலியும் காலந்தாழ்த்தியே வந்தது. நாயின் விலாவைத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்படவேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. இதுவே எளிய அளவுகோல்.

பெரிய சாதிக் குட்டிக்கு எலும்பு உறுதிப்படட்டும் என்று மருத்துவரைக் கேளாமல் சுண்ணச்சத்து மருந்து ஊட்டுவோர் உண்டு. அளவுக்கு மிஞ்சிய சுண்ணச்சத்து வளரும் எலும்பைக் கோணச் செய்யும். ஒன்று, ஒன்றரை வயது வரையில் எலும்பு முற்றாது. அதுவரை உயரத்திலிருந்து குதிப்பதையும் படிகளில் ஓடுவதையும் தடுக்கவேண்டும். பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டு பொருந்தாமை என்னும் மரபுவழிக் குறை மிகுதி. குட்டி வாங்குமுன் தாய் தந்தை நாய்களின் நடையைப் பார்த்து வாங்குவது அறிவுடைமை.

உணவை ஒரே வேளையில் கொட்டாமல் இருவேளையாகப் பிரித்து இடுக; உண்டவுடன் ஓடவிடாதீர்கள். அகன்ற மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டி, நிலைகொள்ளாமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

நம் சமையலறையில் நாய்க்கு நஞ்சாவன சில உள. வெங்காயமும் பூண்டும் அதன் குருதியைக் கெடுக்கும். எனவே சாம்பார் சோறு வேண்டா. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே பாயசமும் வேண்டா. சாக்லேட் ஆகாது. நமக்கு வாங்கிய வலி மாத்திரையை இரக்கத்தால் நாய்க்கு ஊட்டுவது எல்லாவற்றிலும் கொடிது. மூட்டுவலி தீருமுன் குடலும் ஈரலும் சிறுநீரகமும் பழுதாகிவிடும்.

மூப்பின் அடையாளங்கள்

முதுமை ஒரு நோயன்று; ஆனால் "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று நாம் தள்ளும் பல, மருந்துக்கு அடங்கும் நோய்களே. படுத்து எழும்போது தயங்குதல், படிக்கட்டைக் கண்டு நிற்றல், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருத்தல் ஆகியவை வலியின் மொழி. நாய் வலியில் அழுவதில்லை, அசைவைக் குறைத்துக்கொள்ளும். திடீரென மிகுதியாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகமோ நீரிழிவோ காரணமாகலாம். கருத்தடை செய்யாத பெண் நாயாயின் கருப்பையில் சீழ் வைத்திருக்கலாம். உடலில் புதிய கட்டி தென்பட்டால் காட்டிவிடவேண்டும். கண்மணியில் நீலம் பாரித்த மங்கல் எல்லாம் குருடாகா. மருத்துவர் பார்த்துச் சொல்வார். இரவில் காரணமின்றி அறைக்கு அறை நடப்பதும், சுவரை நோக்கி நிற்பதும், பழகியவரை அறியாது விழிப்பதும், முதியவர்க்கு வரும் மறதிநோய் போன்றதோர் குறை. அதை அதட்டாமல், சிறு விளக்கொன்றை ஏற்றிவைத்து, மேசை நாற்காலிகளை இடம் மாற்றாமல் வைத்தால் அதன் கலக்கம் குறையும்.

நம் வீட்டுத் தரை பளபளக்கும் ஓடு. கால் தளர்ந்த நாய்க்கு அது பனிக்கட்டி. அது நடக்கும் வழியெல்லாம் ரப்பர் விரிப்போ தைத்த சாக்கோ விரித்தால் அதன் நம்பிக்கை திரும்பும். பாதி நாள் படுத்தே கிடக்கும் நாய்க்கு முழங்கையில் புண் வரும். தடித்த மெத்தை வேண்டும். எழவே இயலாததாயின் சில மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கவேண்டும். உணவுக் கிண்ணத்தைச் சிறு முக்காலியின் மேல் வைத்தால் கழுத்துக்கு நோவில்லை. காலையில் ஒரு நெடுநடையை விட, நாளில் மூன்று நான்கு குறுநடைகள் நல்லன. மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். ஆகவே தடுப்பூசி தவறலாகாது. வீடு திரும்பியதும் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துக.

மருத்துவத்துக்கு நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் பெயரால் 1883இல் நிறுவப்பெற்ற விலங்கு மருத்துவமனை நம் பகுதிகளுக்கு அண்மையிலேயே உள்ளது. மகாலட்சுமியில் டாட்டா அறக்கட்டளையினர் எழுப்பிய சிறுவிலங்கு மருத்துவமனை 2024இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மறைந்த ரத்தன் டாட்டா, தம் அல்சேஷியன் நாய் டிட்டோவின் எஞ்சிய வாழ்நாளுக்குத் தம் உயிலிலேயே வழி செய்திருந்தார் எனச் செய்தித்தாள்கள் எழுதின. நம்மில் உயில் எழுதும் அளவு சொத்துள்ளவர் சிலரே. ஆனால் "எனக்குப் பின் இதை யார் பார்ப்பார்?" என்று கேட்டுவைப்பதற்குச் சொத்து வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும் குடும்பம்

இனி நான் அலுவலகத்தில் அறிந்த ஒன்றைச் சொல்லவேண்டும். கோடை விடுமுறை நெருங்கும்போது நம்மவர் சிலர் பார்சல் அலுவலகத்துக்கு வந்து, நாயை ஊருக்குக் கொண்டுபோக இயலுமா என்று வினவுவர். விதிகளை இங்கே சுருக்கமாகக் குறிக்கிறேன். இரண்டாம் ஏ.சி., மூன்றாம் ஏ.சி., ஸ்லீப்பர் பெட்டிகளில் பெரிய நாய்க்கு இடமில்லை. ஏ.சி. முதல் வகுப்பில் கொண்டுசெல்லலாம். ஆனால் கூபே அல்லது கேபின் முழுவதும் அக்குடும்பத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கவேண்டும். இல்லையேல் கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் அனுப்பலாம். தண்ணீரும் உணவும் தரவேண்டியவர் உடையவரே. இரண்டு வழிக்கும் மருத்துவச் சான்றும் தடுப்பூசிச் சான்றும் கையில் இருக்கவேண்டும்; முன்னதாகவே பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும்.

ஆனால் நாகர்கோவில் போய்ச் சேர ஒன்றரை நாள் அளவு ஆகும். அத்தனை நேரம் இருட்டுப் பெட்டிக்குள் மூட்டு நோயுள்ள பத்து வயது நாயை அடைத்து அனுப்புவது பயணமன்று, வதை. அது நன்றாய் அறிந்த ஒருவரைத் தன் வீட்டிலேயே துணைக்கு வைத்துவிட்டுச் செல்வதே தக்கது. இதற்கும் இளமையிலேயே அண்டை வீட்டாரோடும் உறவினரோடும் பழக்கிவைத்திருக்கவேண்டும்.

மூன்றாம் வழி ஒன்றைச் சிலர் கைக்கொள்கின்றனர். அதை எழுதவே மனம் கூசுகிறது. விடுமுறை நாட்களில் ரயில் நிலையங்களின் ஓரத்தில், கழுத்தில் பட்டையின் தடம் மட்டும் எஞ்சிய பெரிய நாய்களைக் காணலாம். தெருநாய்களுக்குத் தெருவின் சட்டம் தெரியும். வீட்டில் வளர்ந்த கிழநாய்க்கு அது தெரியாது. ஒவ்வொரு வண்டி வரும்போதும் எழுந்து, இறங்குவோர் முகங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் படுக்கும்.

இது குற்றமும் ஆகும். நம் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிமசோதா கொண்டுவந்து போராடியதன் பயனாகப் பிறந்தது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, விலங்கைப் பட்டினியால் துன்புறும் நிலையில் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. நாயை எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாதிருப்பதும் குற்றமே. முதற்குற்றத்துக்குச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அத்தொகைக்கு அஞ்சி ஒருவரும் திருந்தப் போவதில்லை. மனச்சான்றுக்கு அஞ்சியே திருந்தவேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூரில் ஒரு நடுகல் உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. 1,300 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கள்வரோடு பொருது மாண்ட ஒரு வீரனையும், அவன் அருகே அவன் நாயையும் அக்கல்லில் செதுக்கியுள்ளனர். கோவிவன் என்பது அந்நாயின் பெயர். அது இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தும் பொறித்துள்ளனர். மன்னர் பலரின் பெயர் மறைந்துபோன மண்ணில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் காத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் வழிவந்த நாம், வாயற்ற ஒரு கிழநாயைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு வண்டியேறலாமா?

இறுதி நாட்கள்

மருந்துக்கும் அடங்காத வலி வரும்போது மருத்துவர் வலியில்லாத முடிவைக் குறிப்பிடக்கூடும். அது கொலையாகுமோ என்று நம் பெரியவர்கள் கலங்குவது இயல்பு. உணவை மறுத்து, எழ இயலாமல், மூச்சுக்கே துன்புறும் உயிரை நம் மனநிறைவுக்காக நீட்டிப்பதும் கருணையாகாது. மருத்துவரோடும் குடும்பத்தாரோடும் கலந்து முடிவு செய்க. பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். அந்நேரத்தில் பழகிய கை ஒன்று அதன் தலைமேல் இருக்கட்டும். இறந்தபின் செய்யவேண்டியதற்கு மாநகராட்சி மலாடில் செல்லப்பிராணிகளுக்கான எரிமேடை ஒன்றை 2023இல் திறந்தது.

பெரிய நாய் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும் வீடுகளில், குட்டியைப் பார்க்கப் போகுமுன் ஓர் இரவு உணவுக்குப் பின் எல்லோரும் அமர்ந்து பேசுங்கள். இன்னும் பத்தாண்டில் இவ்வீட்டில் யார் யார் இருப்பார்கள்? மாதந்தோறும் மருத்துவத்துக்கு எவ்வளவு ஒதுக்க இயலும்? கோடையில் ஊருக்குப் போனால் அதனோடு தங்குபவர் யார்? படியில் போர்வையின் ஒரு முனையைப் பிடிப்பவர் யார், மறுமுனையைப் பிடிப்பவர் யார்? நான்குக்கும் பெயரோடும் தொகையோடும் விடை கிடைத்தால், தயங்காமல் குட்டியைக் கொண்டுவாருங்கள். கிடைக்காவிடின், 10 கிலோவுக்கு மேல் வளராத சிறு நாயொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதுவும் உங்களை அதே அன்போடுதான் வாயிலில் வந்து வரவேற்கும்.